வடிவங்களை வரையும் பொதுக் கருவிகள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செல்வம் யாதென வினவினால், பங்குத் தொகையையும், இருப்பிலுள்ள நூலையும், விற்பனைக்கு நிற்கும் துணியையும் கணக்கிட்டுக் கூறுவது வழக்கம். ஐந்தொகைப் பட்டியலில் இடம்பெறாத வேறொரு செல்வமும் உண்டு. அதுவே சங்கத்தின் வடிவங்கள். கரையில் ஓடும் கொடியும், உடலில் தெளித்த புட்டாவும், முந்தியை நிறைக்கும் மாங்காயும் பல கைகள் பல்லாண்டு உழைத்துத் தேடிய பொருள்களாகும். விளைபொருள் சங்கங்களுக்கும் இத்தகைய செல்வம் உண்டு. மஞ்சள் பொட்டலத்தின் மேலுள்ள சித்திரமும், நாட்டுச் சர்க்கரைப் பையின் முத்திரையும் வாங்குவோர் கண்ணில் அச்சங்கத்தின் முகமாகவே விளங்குகின்றன.

முன்னாளில் இவ்வடிவங்கள் கட்டமிட்ட தாளில் வரையப்பட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டன. தாள் சங்கத்தினுடையது, பெட்டியின் சாவி காரியதரிசியிடம் இருந்தது. இன்று வடிவங்கள் கணினியில் வரையப்பட்டுக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. இப்பெட்டியின் சாவி எவரிடம் உள்ளது என்பதை அங்கத்தினர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

வாடகைக் கருவியின் இடர்

படங்களைத் திருத்துவதற்குப் பெயர்பெற்ற ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. அது திறமிக்க கருவி என்பதில் ஐயமில்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆண்டுக்கணக்கில் உபயோகிக்கும் முறையே தொடக்கத்தில் இருந்தது. 2013-இல் அந்நிறுவனம் தன் புதிய பதிப்புகளைச் சந்தா செலுத்துவோருக்கு மட்டுமே அளிப்பதென அறிவித்தது. அதுமுதல் அக்கருவி வாடகைப் பொருளாயிற்று. வாடகை நின்றால் கருவியும் நின்றுவிடும். அக்கருவிக்கே உரிய முறையில் சேமித்த கோப்புகளை முழுமையாகத் திறந்து திருத்தும் வசதியும் அதனோடு போய்விடும்.

இச்செலவுக்கு அஞ்சித் திருட்டுப் பிரதிகளை உபயோகிப்போரும் உளர். பிறர் உழைப்பைக் கூலியின்றி எடுப்பது கூட்டுறவாளருக்குப் பொருந்தாத செயல். அன்றியும், அத்தகைய பிரதிகளோடு கணினிக்குக் கேடு விளைக்கும் நச்சு நிரல்களும் வந்து சேரக்கூடும். வாடகைக்கும் திருட்டுக்கும் இடையே நேர்மையான மூன்றாம் வழி ஒன்று உண்டு. அதுவே திறந்த மூல மென்பொருள்.

பொதுவுடைமையான கருவி

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் கூடிக் கடை திறந்த வரலாற்றைக் கூட்டுறவாளர் அறிவர். மென்பொருள் உலகிலும் அத்தகைய எண்ணம் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர், எவரும் உபயோகிக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள் தொகுதியைப் படைக்கப் போவதாக 1983-இல் அறிவித்தார். அதற்கு 'குனு' என்று பெயரிட்டார். இவ்வுரிமைகளைக் காக்கும் பொது உரிமப் பத்திரம் 1989-இல் வெளியாயிற்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் இதனோடு இணைந்து, முழுமையான கணினி இயக்கத் தொகுதி உருவாயிற்று.

இவ்வகைத் தொகுதி நமக்குப் புதியதன்று. சி-டாக் என்னும் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை நிலையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் தொகுதி 2007-இல் வெளியாயிற்று. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற பல பொறிகளில் அது ஏற்றித் தரப்பட்டிருந்தது. அங்கத்தினர் இல்லங்களிலும் அத்தகைய பொறிகள் இருத்தல் கூடும்.

இத்தொகுதியை ஏற்ற கணினியில் ஃபோட்டோஷாப்பை நாடுவோர் ஏமாற்றமடைவர். அதற்கு லினக்ஸ் பதிப்பு வெளியிடப்படவில்லை. எனவே, "லினக்ஸில் படவேலை செய்ய இயலாது" என்று சிலர் கூறிவிடுகின்றனர். இக்கூற்று உண்மைக்கு மாறானது. தறிக்கு ஒரு கருவியும் சாயத்திற்கு ஒரு கருவியும் இருப்பது போலவே, படவேலைக்கும் வேலைக்கொரு கருவி உண்டு. அவற்றுள் இன்றியமையாத நான்கினை இங்கு விளக்குவோம்.

கிம்ப்

முதலாவது கிம்ப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் 1995-இல் இதனைத் தொடங்கினர். 1996-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. லினக்ஸின் சின்னமாகிய பென்குயின் பறவையை லாரி யூயிங் என்பவர் அவ்வாண்டிலேயே இக்கருவியைக் கொண்டுதான் வரைந்தார்.

தொடக்கத்தில் கிம்பின் சாளரங்களும் பொத்தான்களும் வேறொருவருக்கு உரிமையான வணிகத் தொகுதியைச் சார்ந்து நின்றன. அது இல்லாதோர் கிம்பை உபயோகிப்பது கடினமாயிற்று. எனவே மாட்டிஸ் தாமே பொதுத் தொகுதி ஒன்றை எழுதினார். 1997-இல் தொடங்கப்பட்ட 'குனோம்' என்னும் மேசைத்தளம் அதன் மீதே எழுப்பப்பட்டது. படம் வரையப் பிறந்த கருவியே மேசைத்தளத்துக்கு அடித்தளமிட்டது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. முதலிருவரும் படிப்பு முடிந்து வேறு பணிக்குச் சென்றபின், பிற தன்னார்வலர் பொறுப்பேற்றனர். 2025 மார்ச்சில் கிம்பின் மூன்றாம் பெரும் பதிப்பு வெளியாயிற்று. தொடங்கியோர் விலகினும் பொதுச்சொத்து அழிவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நெசவுக்கு இதன் பயன்

புகைப்படங்களை வெட்டுதல், ஒளி கூட்டுதல், கறை நீக்குதல் ஆகியவற்றைக் கிம்ப் செவ்வனே செய்யும். நெசவாளருக்கு இதனினும் பெரிய பயனுண்டு. கணினிப் படம் சிறு புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளியைக் கட்டத்தாளின் ஒரு கட்டமாகக் கொண்டால், திரையே கட்டத்தாளாகிவிடும். 240 கொக்கி ஜக்கார்டுக்குரிய வடிவை 240 புள்ளி அகலத்தில் வரையலாம்.

அங்குலத்திற்குப் பாவு 80 இழையும் ஊடை 60 இழையும் உள்ள துணியில், கொக்கிக்கு ஓரிழையாக, 3 அங்குலச் சதுரப் புட்டா வேண்டுமெனக் கொள்வோம். படம் 240 புள்ளி அகலமும் 180 புள்ளி உயரமும் உடையதாதல் வேண்டும். இதைத் திரையில் அப்படியே பார்த்தால் புட்டா சப்பையாகத் தோன்றும். கிம்பில் அகலத்திற்கு அங்குலத்துக்கு 80 புள்ளி என்றும், உயரத்திற்கு 60 புள்ளி என்றும் தனித்தனியே குறித்து, புள்ளிக்குப் புள்ளி காட்டும் ஏற்பாட்டை நிறுத்தினால், துணியில் விழும் வடிவமே திரையிலும் தோன்றும்.

நிறத்தையும் கருத வேண்டும். சாதாரணக் கணினிப் படத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள் இடம்பெறக்கூடும். நம் ஊடையிலோ நான்கைந்து நிறங்களே உள்ளன. படத்தை நிறப்பட்டியல் முறைக்கு மாற்றி, நிறங்களின் எண்ணிக்கையை ஐந்து என்று குறித்தால் கிம்ப் அவ்வாறே குறைத்துத் தரும். அவ்வேளையில் நிறங்களைப் புள்ளி தூவிக் கலக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுதல் அவசியம். இன்றேல் ஒற்றைப் புள்ளிகள் எங்கும் சிதறி, அட்டை குத்துவோருக்குத் தொல்லையாகும். ஓரம் மங்கும் தூரிகையை விடுத்து, ஓரம் கூரான பென்சிலையே கையாள வேண்டும். முடிந்த வடிவைப் பிஎன்ஜி முறையில் சேமிக்க வேண்டும். ஜேபெக் முறை கோப்பைச் சுருக்கும்பொருட்டு நிறங்களின் விளிம்பைக் கெடுத்துவிடும். புகைப்படத்திற்கு ஏற்ற அம்முறை கட்டத்தாளுக்கு ஏற்றதன்று.

எந்த இடத்தில் இழையைக் கட்டுவது, எவ்விடத்தில் மிதவை நீளும் என்பவற்றைக் கிம்ப் அறியாது. அதனை நெசவறிந்தவரே பார்த்தல் வேண்டும். ஜக்கார்டு, டாபி தறிகளுக்கென்றே, மத்திய அரசைச் சார்ந்த டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் 'டிஜிபுனாய்' என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கியுள்ளது. விருப்பமுள்ள சங்கங்கள் அதனையும் பரிசீலிக்கலாம்.

இங்க்ஸ்கேப், கிரிதா, ஸ்கிரைபஸ்

இரண்டாவது கருவி இங்க்ஸ்கேப். சோடிபோடி என்னும் முன்னைய மென்பொருளின் வளர்ச்சி முறையில் கருத்து வேறுபட்ட நால்வர், உரிமம் அளித்த சுதந்திரத்தால் 2003-இல் அதன் நிரலை எடுத்துத் தனியே வளர்த்ததே இது. இது புள்ளிகளால் அன்றிக் கோடுகளாலும் வளைவுகளாலும் படத்தை அமைக்கிறது. ஆதலால் சங்கத்தின் முத்திரையை ஒருமுறை வரைந்தால், சிறிய சீட்டிலும் பெரிய பெயர்ப்பலகையிலும் ஒரே கூர்மையுடன் அச்சிடலாம். ஒரு சிறு வடிவைத் திருப்பியும் எதிரொளித்தும் அடுக்கிப் பரப்பை நிரப்பும் வசதியும் இதிலுண்டு. சமதளத்தில் வடிவங்கள் மீண்டும் மீண்டும் அமையும் முறைகள் பதினேழே என்பது கணித உண்மை. அப்பதினேழும் இங்க்ஸ்கேப்பில் ஆயத்தமாக உள்ளன. அச்சுச் சேலைக்கும் போர்வைக்கும் வடிவமைப்போர்க்கு இது பெருந்துணையாகும். இதன் கோப்பு எஸ்விஜி என்னும் பொதுத் தரத்தில் அமைவதால் பிற கருவிகளிலும் திறக்கும்.

மூன்றாவது கிரிதா. இது கையால் ஓவியம் தீட்டுவோர்க்கு உரியது. படத்தின் வலக்கோடியில் இழுத்த கோடு இடக்கோடியில் தொடர்ந்து தோன்றும் ஏற்பாடு இதிலுண்டு. எனவே கரையின் கொடி எங்கும் அறுபடாமல் ஓடுவதை வரையும்போதே கண்டறியலாம்.

நான்காவது ஸ்கிரைபஸ். படமும் எழுத்தும் கலந்த பக்கங்களை அமைத்து, அச்சகத்தார் கேட்கும் நான்கு நிற முறையில் கோப்பு அளிப்பது இதன் பணி. விலைப் பட்டியல், ஆண்டறிக்கை, பொட்டலச் சீட்டு முதலியவற்றுக்கு இது ஏற்றது.

பெறும் முறை

இவற்றைப் பெறத் தெருத்தெருவாய் அலைய வேண்டுவதில்லை. ஒவ்வொரு லினக்ஸ் தொகுதிக்கும் அதனைப் பேணுவோர் ஆராய்ந்து சேர்த்த மென்பொருள் களஞ்சியம் உண்டு. மேசைத்தளத்திலுள்ள மென்பொருள் நிலையத்தைத் திறந்து பெயரை எழுதினால் போதும். அங்குள்ளது பழைய பதிப்பாயின், அந்தந்த மென்பொருளின் சொந்த இணையதளத்தை நாடலாம். தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பரத்தை நம்புதல் ஆகாது. 2022-இல் கிம்பின் பெயரால் போலி விளம்பரம் ஒன்று தோன்றி, நச்சு நிரலைப் பரப்பியது. சந்தையில் போலி முத்திரையைக் கண்டறியும் நாம், கணினியிலும் அதே விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

குறைகளும் உள

நிறைகளை மட்டும் கூறி அங்கத்தினர்களை மயக்குவது நம் நோக்கமன்று. கிம்பில் நான்கு நிற அச்சு முறையிலேயே நேராக வேலை செய்ய இயலாது. அதன் சாயலைக் காணவும், சில கோப்பு வகைகளில் அம்முறைக்கு மாற்றி அனுப்பவும் மட்டுமே இயலும். முழு வேலைக்குக் கிரிதாவையோ ஸ்கிரைபஸையோ நாட வேண்டும். ஃபோட்டோஷாப் கோப்பைக் கிம்ப் திறக்குமாயினும், அதன் சிறப்பு விளைவுகள் யாவும் அப்படியே வருமென்பதில்லை. அச்சகங்களில் வழங்கும் கோரல்டிரா கோப்புகளுள் பலவற்றை இங்க்ஸ்கேப் திறக்கும், சில பிசகும். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அமைந்த வாசகங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும். அவற்றை மீண்டும் தட்டெழுத நேரிடும். மென்பொருளுக்கு விலையில்லை, கற்பதற்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களுக்கு ஊதியமும் வேண்டும். இச்செலவை நிர்வாகக் குழுவினர் முன்னரே கருதுதல் நலம்.

செய்ய வேண்டுவன

திடீரென யாவற்றையும் மாற்றுதல் விவேகமன்று. முதலில் சங்கத்தின் ஒரு கணினியில் இக்கருவிகளை ஏற்றலாம். கணினிப் பழக்கமுள்ள இளைஞர் ஒருவரையும், அனுபவமிக்க வடிவமைப்பாளர் ஒருவரையும் சேர்த்து அமர்த்தலாம். சென்ற பருவத்தில் நன்கு விற்ற ஒரு புட்டாவையும், ஒரு பொட்டலச் சீட்டையும் புதிய கருவியில் மீண்டும் வரையச் செய்து, தறியிலும் அச்சகத்திலும் சோதிக்க வேண்டும். விளைவு திருப்திகரமாயின் அடுத்த பருவத்தில் விரிவாக்கலாம். எம்முடிவுக்கு வந்தாலும், பழைய வடிவங்கள் யாவற்றையும் பிஎன்ஜி, எஸ்விஜி ஆகிய பொது முறைகளில் ஒரு பிரதி எடுத்து, வெவ்வேறு இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துதல் உடனே செய்யத்தக்கது. வெளியாரைக் கொண்டு வரையும் சங்கங்கள், முடிந்த படத்தோடு, திருத்தத்தக்க மூலக் கோப்பையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

வடிவம் நம்முடையதாயின் அதைத் திறக்கும் வழியும் நம் கையில் இருத்தல் வேண்டும். கருவிக்கு வாடகை கட்ட இயலாத ஆண்டில், பாட்டன்மார் காலந்தொட்டு வந்த கொடியும் மாங்காயும் திறவாத கோப்பில் அடைபட்டுக் கிடத்தல் தகாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இப்பொருளை எழுப்பி, ஆவன செய்வார்களென நம்புகிறோம்.