தடுப்பூசித் தவணையும் நிச்சயமின்மையும்

பெருந்தொற்றுக் காலத்தில் அரசு எடுக்கும் முடிவுகள் பலவும் முழுமையான சான்றுகள் கிட்டுவதற்கு முன்பே எடுக்கப்படுபவை. சான்றுகள் முதிரும்வரை பொறுத்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆயினும், பொறுத்திருக்கும் நாட்களிலும் நோய் பரவுகிறது. எனவே ஒத்திவைப்பதும் ஒருவகை முடிவே. கோவிட் தடுப்பூசியின் இரு தவணைகளுக்கிடையே எவ்வளவு காலம் விடுவது என்ற கேள்வி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இடைவெளி நீண்ட வரலாறு

நமது நாட்டில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, கோவிஷீல்டு ஊசியின் இரண்டாம் தவணை 4 வாரங்களுக்குப் பின் போடப்படும் என்று வகுக்கப்பட்டிருந்தது. மார்ச் மாதத்தில் இவ்விடைவெளி 8 வாரம் வரை நீட்டிக்கப்பட்டது. மே 13-ஆம் தேதி அது 12 முதல் 16 வாரங்களாயிற்று.

இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. இடைவெளி 6 வாரத்திற்குக் குறைவாக இருந்தவர்களிடம் இத்தடுப்பூசியின் பயன் 55 சதவீதம் என்றும், 12 வாரமோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் 81 சதவீதம் என்றும் வெளிநாட்டு ஆய்வுகள் காட்டின. ஆனால், அவ்வாய்வுகள் இடைவெளியை ஒப்பிடுவதற்கென்றே அமைக்கப்பட்டவை அல்ல. மேலும், அவை டெல்டா வகைக் கிருமி பரவுவதற்கு முன் நடந்தவை.

ஒரே வாரம், இரு முடிவுகள்

மே 14-ஆம் தேதி பிரிட்டன் இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 50 வயதைக் கடந்தோருக்கு இடைவெளியை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்தது. அங்கு முதியோரில் மிகப் பெரும்பாலோர் முதல் தவணை பெற்றிருந்தனர். இங்கோ முதல் ஊசிக்கே கோடிக்கணக்கானோர் காத்திருந்தனர். இடைவெளி நீண்டால் இருக்கும் ஊசி அதிகமானோரைச் சென்றடையும்; ஆனால் ஒவ்வொருவரும் அரைகுறைப் பாதுகாப்புடன் நெடுநாள் இருக்க நேரிடும். அவ்வரைகுறைப் பாதுகாப்பின் அளவுதான் அன்று எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. டெல்டாவினால் நோய் அறிகுறி தோன்றுவதை ஒரு தவணை ஏறத்தாழ 33 சதவீதமே தடுக்கிறது என்ற பிரிட்டானியக் கணக்கு மே 22-ஆம் தேதிதான் வெளியாயிற்று.

நிருவாகத்திற்குரிய பாடம்

விதி திடீரென மாறியதால் மையங்களில் குழப்பம் ஏற்பட்டது. முன்னர் பெற்ற முன்பதிவுகள் செல்லும் என்று மத்திய அரசு விளக்க வேண்டியதாயிற்று. ஜூன் மாதத்தில், கல்விக்கும் வேலைக்கும் வெளிநாடு செல்வோருக்கு 28 நாட்களுக்குப் பின் இரண்டாம் தவணை அனுமதிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் இடைவெளியின் கீழெல்லையை 8 வாரமாக்குமாறு வல்லுநர் குழு பரிந்துரைத்தது.

புதிய சான்று கிட்டும்போது முடிவை மாற்றுவது குறையன்று. காரணம் கூறாமல் மாற்றுவதே மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும். ஆகவே, எந்தச் சான்றின்மேல் முடிவு நிற்கிறது, எது இன்னும் தெரியவில்லை, எப்போது மறுபரிசீலனை நடைபெறும் என்னும் மூன்றையும் ஆணையுடன் சேர்த்தே அறிவிப்பது நன்று. கிராமச் சுகாதார நிலையத்தில் கேள்விகளை நேரில் எதிர்கொள்ளும் செவிலியரின் கையில் இருக்க வேண்டிய கருவி அதுவே.