மூங்கில் யாருக்குச் சொந்தம்? வழிகாட்டிய மேந்தா லேகா

புதுதில்லி: நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் காட்டோரக் கிராமத்தைச் சென்றடைய எத்தனை ஆண்டுகள் ஆகும்? மகாராஷ்டிர மாநிலம், கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகாவின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், மூங்கிலைச் சிறு வன விளைபொருள் என வரையறுத்தது. அதன்கீழ் 2009-ல், கோண்டு பழங்குடியினர் வாழும் இக்கிராமத்துக்குச் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. ஆயினும், மூங்கிலை வெளியே கொண்டு சென்று விற்பதற்கான அனுமதிச் சீட்டை வனத்துறை தரவில்லை. 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி அன்று மூங்கில் 'மரம்'.

2011 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இதுகுறித்து முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் அக்கிராமத்துக்கே சென்று, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். மூங்கில் வருவாய் கிராமத்தைச் சேர்ந்ததால், காட்டைக் காப்பதும் கிராமத்தின் கடமையாயிற்று. அங்கு கிராம சபை எந்த முடிவையும் ஒருமனதாகவே எடுக்கிறது.

2017-ல் 'மரம்' என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. ஆனால், அத்திருத்தத்தின் பயன் காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்ப்போருக்கே. காட்டை நம்பி வாழ்வோருக்கு 2006-ம் ஆண்டுச் சட்டமே இன்றும் துணை. அச்சட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்பது, சீட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே.