படைச் சின்னங்களின் மெய்ம்மை காணும் முறை

பழம்பொருள் ஒன்றைச் சான்றாகக் கொள்ளுமுன் அதன் மெய்ம்மையை ஆராய்தல் வேண்டும் என்பது சுவடி ஆய்வார்க்கும் காசு ஆய்வார்க்கும் ஒப்ப முடிந்ததாகும். பிரித்தானியப் படைவீரர் தொப்பியில் அணிந்த உலோகச் சின்னங்களுக்கு அது பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம். முதல் உலகப் போரில் மாண்டு பெயர் அறியப்படாத வீரர் பலரின் கல்லறையில் படைப்பிரிவின் பெயரேனும் பொறிக்க இயன்றது, உடலோடு கிடைத்த இத்தகைய அடையாளங்களால் என்பதை எண்ணின், இவ்வாய்வு வீண் ஆய்வன்று என்பது விளங்கும்.

முதற்கண் நோக்கத்தக்கது செய்முறை. இச்சின்னங்களுள் பெரும்பாலானவை உலோகத் தகட்டை அச்சிலிட்டு அடித்துச் செய்யப்பட்டவை. ஆதலின் முகப்பின் மேடு பின்புறத்தே பள்ளமாய்த் தோன்றும். விளிம்பும் எழுத்தும் கூர்மையாய் நிற்கும். மெய்ச்சின்னத்தினின்று கருவெடுத்து வார்த்த போலியிலோ எழுத்து மழுங்கும், நுண்குழிகள் காணும், உருக்கிய உலோகம் ஆறுங்கால் சுருங்குதலின் அளவும் சிறிது குறையும்.

இரண்டாவது, முடியின் வடிவம். 1901க்குப் பின் டியூடர் முடியும், இரண்டாம் எலிசபெத்தின் ஆட்சியில் புனித எட்வர்டு முடியும் சின்னங்களில் இடம்பெற்றன. 1915இல் தோன்றி 1922இல் கலைக்கப்பட்ட இயந்திரத் துப்பாக்கிப் படையின் சின்னத்தில் புனித எட்வர்டு முடி இருப்பின், அது போலி என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆயினும் டியூடர் முடி இருத்தல் ஒன்றே பழமைக்குச் சான்றாகாது. 2022இல் மூன்றாம் சார்லசு மீண்டும் அவ்வடிவையே தெரிந்துகொண்டார்.

மூன்றாவது, உலோகம். இரு உலோகத்தால் அமைய வேண்டிய சின்னம் பித்தளை ஒன்றாலேயே அமைந்திருப்பின் அதனைப் போலியென விரைந்து தள்ளலாகாது. 1916இல் போர்க்காலச் சிக்கனம் கருதிப் பல படைப்பிரிவுகளின் சின்னங்கள் அவ்வாறே அடிக்கப்பட்டன.

இனி, செய்தோர் பெயர். பர்மிங்காமில் பட்டறை வைத்திருந்த ஜே. ஆர். காண்ட் நிறுவனத்தார் தம் பெயரோடு 'இலண்டன்' என்றே பொறித்தனர். எனவே, பொறித்த ஊர் செய்த ஊராதல் வேண்டும் என்னும் நியதியில்லை. பெயரே பொறியாத மெய்ச்சின்னங்களும் மிகப்பல. இவற்றினும் இடர் மிக்கது மறு அச்சு. பழைய அச்சைக் கொண்டே பிற்காலத்தில் சேகரிப்போர்க்கென அடித்த சின்னத்தில் அச்சும் மெய், சில வேளை பெயரும் மெய். காலம் ஒன்றே பொய். ஆங்கு, தேய்ந்த அச்சின் மழுக்கமும், பின்புறச் செருகு தகட்டின் அமைப்பும், அதனைப் பற்றவைத்த முறையுமே உண்மையைக் காட்டுவன. முகப்பு மிகத் தேய்ந்திருக்கப் பின்புறத் தகடு புதுமை குன்றாதிருப்பின் ஐயுறுதல் வேண்டும்.

ஆகவே, 'யார் செய்தார்?' என்பதும் 'எப்பொழுது செய்யப்பட்டது?' என்பதும் வேறு வேறு வினாக்களாம். அகத்தியர் பெயரால் வழங்கும் நூலனைத்தும் ஒரு காலத்தன என நாம் கொள்வதில்லை. பெயரை ஒருபுறம் வைத்து, நூலின் அகத்தே மொழியையும் வழக்கையும் நோக்கியே காலம் துணிகின்றோம். சின்னத்திற்கும் அதுவே நெறி. முகப்பிலுள்ள பெயரினும் பின்புறத்து வேலைப்பாடே வலிய சான்று என்க.