எத்தனை பர்சென்ட் வந்தது?

பிஎச்.டி.யின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இருவர் பல்கலைக்கழக கேன்டீனில் எதிர்ப்பட்டால், ஆய்வில் என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டுக்கொள்வதில்லை.

"பர்சென்டேஜ் எவ்ளோ வந்துச்சு?"

"ஒம்பது."

"தப்பிச்ச. எனக்குப் பதிமூணு. மூணாவது சாப்டரை மாத்தி எழுதிட்டு வாங்கன்னுட்டார் கைடு."

மாற்றி எழுதுவது என்றால் மறுபடி யோசித்து எழுதுவது அல்ல. 'பயன்படுத்தப்பட்டது' என்பதை 'உபயோகிக்கப்பட்டது' ஆக்குவது. வாக்கியத்தின் வாலை எடுத்துத் தலையில் வைப்பது. இரண்டு நாள் உட்கார்ந்தால் பதின்மூன்று ஒன்பதுக்கு இறங்கிவிடும். கருத்து மட்டும் யாரிடமிருந்து வந்ததோ அவருடையதாகவே இருக்கும்.

இந்த எண்ணைக் கொண்டுவந்தது பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அறிவித்த ஒழுங்குமுறை விதி. அதன் நீண்ட பெயரில் கல்வி நேர்மையை ஊக்குவிப்பது முன்னால் வருகிறது. எழுத்துத் திருட்டைத் தடுப்பது பின்னால். நடைமுறையில் எல்லோருக்கும் மனப்பாடமானது பின்பாதிதான். ஆய்வேடு ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு காட்டும் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. கடைசிப் படியில் சிக்கினால் இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு போகும்; மூன்றாண்டு புதிய ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாது.

பொது அறிவாகவோ தற்செயலாகவோ பொருந்திவரும் சொற்கள் தொடர்ந்து 14 வரை இருந்தால் கணக்கில் சேராது என்றும் விதி சொல்கிறது. இது ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட எண் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் துக்கடாச் சொற்கள் தமிழில் வேற்றுமை உருபாகப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் 14 சொல் என்பது ஒரு முழு வாக்கியம். சிலர் கையில் ஒரு பத்தியே முடிந்துவிடும்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 'சோத்கங்கா' என்ற களஞ்சியத்தில் நாட்டின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கிறது. 2019இல் 'சோத்சுத்தி' என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புநோக்கும் மென்பொருளையும் வழங்கத் தொடங்கியது. மென்பொருள் எழுத்தோடு எழுத்தை ஒப்பிடும், அவ்வளவே. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடு நம் கண்ணுக்குத் தமிழ்; கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஆய்வேட்டிலிருந்து ஒரு இயலை அப்படியே எடுத்து யூனிகோடில் அடித்தால் எந்த ரிப்போர்ட்டும் சிவப்பு காட்டாது. ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்து எடுத்தவரையும் மென்பொருள் லேசில் பிடிக்காது. அப்படி 2 சதவீதம் வந்தால் அந்தச் சுத்தம் ஆய்வாளருடையதா, எழுத்துருவுடையதா?

சரி, எதையுமே யாரிடமிருந்தும் எடுக்காமல், ஆளை வைத்து எழுதி வாங்கினால்? பொறியியல் படித்த எவருக்கும் 'ப்ராஜெக்ட் சென்டர்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இறுதியாண்டில் 'ஐ ட்ரிபிள் ஈ டைட்டில்கள் தயார்' என்று நோட்டீஸ் வரும். நான்கு பேர் சேர்ந்து பணம் கட்டினால் நிரல், அறிக்கை, பிபிடி எல்லாம் கைக்கு வரும். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சியும் உண்டு. வெளியே இருந்து வரும் தேர்வாளருக்கும் தெரியும். நான் பேசிய ஒரு தேர்வாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முதல் டீமைப் பார்த்தாலே மிச்சம் நாலு டீமுக்கும் எந்தக் கடைன்னு தெரிஞ்சுடும் சார்."

இந்த வியாபாரத்துக்கு ஆராய்ச்சி உலகில் பெயர் வைத்தவர்கள் பர்மிங்காமில் கணினி கற்பித்துக்கொண்டிருந்த ராபர்ட் கிளார்க்கும் தாமஸ் லான்காஸ்டரும். நிரல் எழுதித் தருவோர் விலை கேட்டுப் போட்டியிடும் இணையதளம் ஒன்றில் மாணவர்கள் தங்கள் வீட்டுப்பாடத்தை ஏலம் விடுவதைக் கவனித்து, 2006இல் 'கான்ட்ராக்ட் சீட்டிங்' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லுக்கு எட்டாண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் சூடு கிடைத்தது. சிட்னியிலிருந்து சீன மொழியில் நடந்துவந்த 'மைமாஸ்டர்' என்ற தளம் பல பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டுரை எழுதி விற்பதை 2014இல் சிட்னி மார்னிங் ஹெரால்ட் வெளிக்கொணர்ந்தது. எல்லோரும் வெளிநாட்டு மாணவர்களைத் திட்டினார்கள்.

அப்போது வேறு கேள்வி கேட்டவர் ட்ரேசி பிரெடக். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்; கல்வி நேர்மைக்கென்றே 2005இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கி நடத்தியவர்; 2016இல் அத்துறையின் பெரிய கையேட்டைத் தொகுத்தவர். அவர் தலைமையில் ஒரு குழு எட்டுப் பல்கலைக்கழகங்களில் 14,086 மாணவர்களிடமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடமும் கேட்டது. ஏதோ ஒரு வகையில் பிறரை வைத்து ஏமாற்றியதாக ஒப்புக்கொண்ட மாணவர்கள் சுமார் 6 சதவீதம். ஏமாற்றுவதோடு சேர்ந்து தென்பட்டவை மூன்று: வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவது, ஏமாற்ற வாய்ப்பு நிறைய இருக்கிறது என்ற எண்ணம், கற்பிக்கும் சூழல் மீதான அதிருப்தி. முதலாவதைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பிரெடக் மற்ற இரண்டையும் விடவில்லை. அவை இரண்டும் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பவை.

ஆசிரியர்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது இவன் எழுதியதல்ல என்ற சந்தேகம் எப்படி வந்தது என்று கேட்டபோது, அதிகம் பேர் சொன்னது மென்பொருளை அல்ல. இந்த மாணவனை எனக்குத் தெரியும், இவனால் இப்படி எழுத முடியாது என்பதைத்தான். ஆளைத் தெரிந்த ஆசிரியரே முதல் கருவி. பிரெடக் மறைந்த 2020ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுதி விற்பவருக்கும் அதை விளம்பரம் செய்பவருக்கும் இரண்டாண்டு வரை சிறை. மாணவர் மீது அந்தச் சட்டம் பாயாது. அவரைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்.

நம் 2018 விதியில் விற்பவர் எங்கும் இல்லை. தண்டனைப் படிகள் முழுக்க ஒற்றுமைச் சதவீதத்தில் நிற்கின்றன. ப்ராஜெக்ட் சென்டர் புதிதாக எழுதிக் கொடுத்தால் சதவீதமே வராது. துறைக்கு ஒரு குழு, நிறுவனத்துக்கு ஒரு குழு, 45 நாளில் அறிக்கை என்று வழிமுறை இருக்கிறது. துறைக் குழுவின் தலைவர் எச்.ஓ.டி. ஆனால் பல துறைகளில் அவரே நாலைந்து பேருக்குக் கைடும்கூட. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு ஆய்வாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேருடைய எழுத்தின் சாயலும் தெரிய வேண்டுமானால் எட்டுப் பேரின் கரட்டு வரைவையும் படித்திருக்க வேண்டும். நாக் தரமதிப்பீட்டு வேலை, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வேலை, அட்மிஷன் வேலை எல்லாம் போக அதற்கு எங்கே நேரம் என்று ஒரு எச்.ஓ.டி. என்னிடம் கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தை அவருக்கு யார் மீட்டுத் தருவது என்று விதி பேசவில்லை.

அவருக்கு மேலே இருப்பவர்கள்? ஒரே ஆசிரியர் ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. 200க்கு மேற்பட்ட கல்லூரிகள் பட்டியலில் இருந்தன. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. ஆசிரியர் பட்டியலே காப்பி அடிக்கப்பட்ட கல்லூரியில் மூன்றாவது இயலை மாற்றி எழுதச் சொல்லும் கைடின் குரல் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதற்கு நடுவே சாட்ஜிபிடி வந்துவிட்டது. அது எழுதித் தருவதில் பெரும்பாலும் ஒற்றுமையே காட்டாது. 10 சதவீத வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதை நம்ப முடியவில்லை என்று 2023 ஆகஸ்டிலேயே அணைத்துவைத்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் தாமே எழுதிய கட்டுரைகளையும் அத்தகைய மென்பொருள்கள் இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிடுவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் பிள்ளைக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற பேராசிரியை. மென்பொருள் எல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அவருடையது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவருடைய ஆய்வாளர்கள் கோடு போட்ட நோட்டில் நான்கு பக்கமாவது கைப்பட எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒருமுறை ஒரு மாணவர் புத்தகத்திலிருந்து நான்கு பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோயிருக்கிறார். இரண்டாவது வரியிலேயே பேராசிரியைக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "இது நீ பேசற மாதிரி இல்லையேப்பா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "எழுத வரலேன்னா, ஏன் எழுத வரலேன்னு நாலு பக்கம் எழுதிட்டு வா" என்றாராம்.

அந்த நான்கு பக்கம்தான் பின்னால் தன் ஆய்வேட்டின் முதல் இயல் ஆனது என்று அந்த மாணவர் என்னிடம் சொன்னார். இப்போது அவரும் கைடு. ஏழு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவருக்கு நாக் மீட்டிங்.