உங்களுக்குத் தெரியுமா? வலிப்பு அடங்கிய பிறகு…

காய்ச்சலோடு குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்தால் வீடே அலறும். ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். மூளைக்குக் கேடு செய்யாது.

ஐந்து நிமிடம் தாண்டினால்தான் கதை வேறு. அதற்குமேல் நீளும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு என்பதால், மருத்துவர்கள் அப்போதே மருந்து கொடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். கையில் திணிக்கச் சாவிக்கொத்தைத் தேடுவதைவிட, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்ப்பது மேல். வாயில் ஸ்பூனும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

அரை மணி நேரமோ அதற்கு மேலோ காய்ச்சல் வலிப்பு கண்ட 199 குழந்தைகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்தார்கள். சில நாட்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஹிப்போகாம்பஸில் மாற்றம் தெரிந்தது. நினைவைப் பதிய வைக்கும் பகுதி அது. அவர்களில் பலருக்கு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடம் சுருங்கித் தழும்பேறியிருந்தது.

இன்னொரு நோய் இதைவிட வஞ்சகமானது. அதிகம் பதிவாவது ஜப்பானில். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளைத் தாக்குகிறது. காய்ச்சல் கண்ட முதல் நாளோ மறுநாளோ நீண்ட வலிப்பு வரும், அடங்கும். குழந்தை கண் விழிக்கும், தெளிந்துவிட்டதுபோலவே இருக்கும். ஸ்கேனிலும் குறை தெரியாது. நான்கிலிருந்து ஆறாம் நாளுக்குள் வலிப்பு திரும்புகிறது. இம்முறை சின்னச் சின்னதாக, அடுத்தடுத்து. அப்போது எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வெண்பொருள் கிளை கிளையாக வெண்மையாய்த் தெரியும். ‘ஒளிரும் மரம்’ என்கிறார்கள் மருத்துவர்கள். இத்தனை அழகான பெயர் இதற்கு வேண்டியதில்லை.

இதைத் தூண்டுவதில் முன்னே நிற்பவை இன்ஃப்ளூயன்சாவும், ரோசியோலா வைரஸும். மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது இறங்கியதும் உடம்பில் இளஞ்சிவப்புத் தடிப்பு போடுமே, அதுதான் ரோசியோலா. வைரஸ் நேராக மூளைக்குள் புகுந்து அழிப்பதாகத் தெரியவில்லை. நீண்ட வலிப்பின்போது அளவுக்கு மீறிச் சேரும் குளூட்டமேட் என்ற மூளை ரசாயனம், நரம்பணுக்களைத் தூண்டித் தூண்டியே சாகடிக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உயிர் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் குறை தங்கிவிடுவது பலருக்கு உண்டு. இரண்டாவது வலிப்பைத் தடுக்கும் என்று நிரூபணமான மருந்து ஏதும் இல்லை.

பெயரிலேயே ஜப்பானைச் சுமக்கும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் முற்றிலும் வேறு நோய். இதில் வைரஸே மூளையைத் தாக்குகிறது. நெல் வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் அதை எடுத்துவந்து மனிதரிடம் சேர்க்கிறது. இந்தியாவில் மனிதர்களிடம் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பக்கம்.

பீகாரின் முசாஃபர்பூரில் கோடைதோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்போடு மயங்கி விழுந்தபோது, அதையும் ஏதோ ஒரு வைரஸ் என்றே வெகுகாலம் நம்பினார்கள். தொற்று அல்ல, சர்க்கரை இறங்குவதுதான் கோளாறு, லிச்சிப் பழத்தைப் பாருங்கள் என்று 2014இல் எழுதியவர்களில் ஒருவர், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றி ஓய்வுபெற்ற டி. ஜேக்கப் ஜான். பகலில் தோப்பில் பழம் தின்றுவிட்டு, இரவில் சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளே அதிகம் விழுந்தார்கள். லிச்சியில் உள்ள நச்சு, உடல் தானே குளுக்கோஸ் தயாரிப்பதைத் தடுத்துவிடும். 2017இல் வெளியான இந்திய, அமெரிக்க ஆய்வும் அதையே உறுதிசெய்தது. மருத்துவம் என்னவோ எளியதுதான்: உடனே சர்க்கரை அளவைப் பார்த்து, நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.