கடையும் ஓர் அணிதான்



வியாபாரம் என்றால் ஆண்களின் பாடு, விளையாட்டு என்றால் பிள்ளைகளின் பாடு என்று ஒதுங்கியிருப்பது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. ஆனால் குடும்பத்தின் கடை நன்றாக நடந்தால் அந்த நிம்மதியை முதலில் உணர்பவர்கள் நீங்கள்தான். அது உடைந்தால், அந்த உடைவு சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்வதை முதலில் காண்பவர்களும் நீங்கள்தான். நாநாவும் தம்பியும் முகம் பார்க்காமல் போகிறார்கள். மச்சிமார் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிப்பதில்லை. கல்யாண வீட்டில் இரு பக்கமாகப் பிரிந்து உட்காருகிறார்கள். காசு லாச்சியின் சாவி யார் கையில் இருப்பது என்ற கேள்வியில் தொடங்கிய பகைகள் இவற்றில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கடை என்று மட்டும் நினைக்க வேண்டாம். தாத்தாவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் தையல் தொழிலுக்கும், நாலு பேர் கூடிச் செய்யும் இனிப்புப் பண்ட வியாபாரத்துக்கும், பெரிய கம்பெனியின் பணிப்பாளர் சபைக்கும் பிரச்சினை ஒன்றுதான். முதல் இல்லாமல் விழும் வியாபாரங்கள் உண்டு. முதல் இருந்தும், சேர்ந்து வேலை செய்யத் தெரியாமல் விழுபவையும் உண்டு. இந்த இரண்டாவது நோய்க்கு மைதானத்தில் மருந்து இருக்கிறது.

எவர் வேலை எது?

பாடசாலைக் காலத்தில் நீங்கள் விளையாடிய அல்லது பார்த்து ரசித்த வலைப்பந்தாட்டத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அணிக்கு 7 பேர். ஒவ்வொருவரின் மேலாடையிலும் அவரது இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். கோல் போட அனுமதி இரண்டே பேருக்கு. நடுவில் நிற்பவர் மைதானத்தின் மூன்று பகுதிகளுக்கும் ஓடலாம். ஆனால் கோல் வட்டத்துக்குள் அவருக்கும் இடமில்லை. தன் எல்லையைத் தாண்டியவுடன் விசில் ஊதி, பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். பந்து கையில் வந்தால் 3 விநாடிக்குள் அடுத்தவருக்கு அனுப்பிவிடவும் வேண்டும்.

இந்த விதிகளைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு துணிக்கடையில் வாப்பா, இரண்டு மகன்மார், மருமகன் என்று நாலு பேர் இருக்கிறார்கள். சாமான் கொள்முதல் செய்வது எவர்? நாலு பேரும்! கடன் கொடுக்கலாமா என்று தீர்மானிப்பது எவர்? அதுவும் நாலு பேரும்! ஒருவர் மறுத்த கடனை இன்னொருவர் கொடுத்துவிடுகிறார். ஒரே மாதிரித் துணி இரண்டு இடத்திலிருந்து வந்து குவிகிறது. மாத முடிவில் கணக்குத் தட்டுப்படும்போது, "எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்" என்ற பதில்தான் நாலு பக்கமும் கேட்கிறது. எல்லோரும் எல்லா வேலையும் பார்ப்பதை ஒற்றுமை என்று நாம் நினைக்கிறோம். வலைப்பந்தாட்டத்தில் அதற்குப் பெயர் தவறு.

பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் அப்படித்தான். வங்கியிலிருந்து வந்த கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருக்கும் மனிதர், பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீராங்கனையைப் போன்றவர்.

ஒருவர் திறமை போதாது

2019 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. 16 நாடுகள் பங்குபற்றிய அந்தப் போட்டியில் மிக அதிகமான கோல்களைப் போட்டவர், யாழ்ப்பாணம் தந்த நமது தர்ஜினி சிவலிங்கம். எவ்வளவு பெருமை! ஆனால் நமது அணி பெற்ற இடம் 15. ஒரு முனையில் கோல் விழுந்துகொண்டே இருந்தாலும், மறு முனையில் அதைவிடக் கூடுதலாக விழுந்தால் ஆட்டம் தோல்விதான்.

"எங்கள் மகன் கல்லையும் விற்றுவிடுவான்" என்று பெருமைப்படும் தாய்மாரே! அவன் விற்பான். விற்ற பணத்தைக் கணக்கில் எழுதவும், கொடுத்த கடனை வசூலிக்கவும், களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்க்கவும் ஆள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விற்பவரை எல்லோரும் காண்கிறார்கள். காப்பவரைக் காண்பவர் குறைவு. நஷ்டம் நுழைவது அந்தக் காணாத வாசலால்தான்.

இடத்தை விட்டுக்கொடுத்தவர்

இனி 1996 ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த மார்ச் 17 இரவு நாடே விழித்திருந்தது. லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107 ஓட்டங்களை எல்லோரும் பேசுகிறோம். பேசப்படாத ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

அவர் ரொஷான் மஹாநாம. பல ஆண்டுகளாக இலங்கையின் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக இருந்தவர். அக்காலத்தில் முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்களே நிற்கலாம். அந்த நேரத்தில் பந்தைத் தூக்கி அடித்தால் ஓட்டங்களை அள்ளலாம் என்று இலங்கை அணி கணக்குப் போட்டது. அதற்கு அடித்தாடும் இருவர் தேவை. சனத் ஜயசூரியவும், அதுவரை கீழே ஆடிவந்த விக்கெட் காப்பாளர் ரொமேஷ் களுவிதாரணவும் முன்னுக்கு வந்தார்கள். மஹாநாம நடுவரிசைக்குப் போனார்.

முதலாவது இடத்தில் இருந்தவரைக் கீழே இறங்கச் சொல்வது லேசான காரியமா? நமது கடைகளில் அதைச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்? ஆனால் கல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியில் நடந்ததைப் பாருங்கள். ஆரம்ப வீரர்கள் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள். அரவிந்த 66 ஓட்டங்களை எடுத்துச் சரிவை நிறுத்தினார். அவரோடு நின்று, பின்னர் காலில் தசைப்பிடிப்பு வந்து வெளியேறும்வரை 58 ஓட்டங்களைச் சேர்த்தவர் அதே மஹாநாமதான். மேலே இருந்த அனுபவம் கீழே காப்பாகிவிட்டது. இறுதியாட்டத்தில் அவருக்குத் துடுப்பெடுக்கும் தேவையே வரவில்லை. ஆனாலும் கிண்ணம் அவருக்கும் உரியது.

மூத்தவர் காசு லாச்சியில் உட்காருவதுதான் மரியாதை என்று நாம் வைத்திருக்கிறோம். வாடிக்கையாளரோடு இனிமையாகப் பேச இளையவருக்கு வரும். சரக்கின் தரம் பார்க்க மூத்தவரின் கண் வேண்டும் என்றால், இடங்களை மாற்றுவதில் மரியாதை குறையாது. ஆனால் ஒரு நிபந்தனை. "நீங்கள் தள்ளி இருங்கள்" என்று சொல்லி மாற்றக் கூடாது. "இந்த இடத்தில் நீங்கள் இல்லாவிட்டால் சரக்கில் ஏமாந்துபோவோம்" என்று அவருடைய தேவையைச் சொல்லி மாற்ற வேண்டும். இந்த வார்த்தையைப் பல வீடுகளில் உம்மாவால்தான் சொல்ல முடியும்.

தோற்கவும் அனுமதி

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த உலகக் கிண்ணம் முழுவதும் களுவிதாரண எடுத்த மொத்த ஓட்டங்கள் 73 மட்டுமே. இறுதியாட்டத்தில் 6 ஓட்டங்கள். ஆனாலும் அவர் அந்த இடத்திலிருந்து நீக்கப்படவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை ஆபத்தானது, அதில் பல நாள் சறுக்கும் என்று அணிக்குத் தெரிந்திருந்தது. சறுக்கினால் தாங்கிக்கொள்ள அடுத்தபடியாக அசங்க குருசிங்க இருந்தார். லாகூரில் 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகள் விழுந்தபோது அவர் நின்று 65 ஓட்டங்கள் எடுத்தார்.

"புதிதாக ஏதாவது செய்து பார்" என்று மகனை அனுப்பிவிட்டு, முதல் நட்டத்திலேயே "அப்போதே சொன்னேனே" என்று குத்திக் காட்டினால், அவன் மறுபடி எதையும் தொடமாட்டான். புதிய முயற்சிக்கு எவ்வளவு பணம் போனால் கடை தாங்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அந்த அளவுக்குள் போனால் குறை சொல்லாதீர்கள். மீதியைக் காக்கும் பொறுப்பை நிதானமான ஒருவரிடம் கொடுங்கள்.

தலைவர் அர்ஜுன ரணதுங்கவையும் கவனியுங்கள். அதுவரை நடந்த எந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்திலும் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணி வென்றதில்லை. அப்படியிருந்தும் நாணயச் சுழற்சியில் வென்ற அவர் எதிரணியை முதலில் ஆட விட்டார். அந்தத் தொடரில் சிம்பாப்வேயையும், இந்தியாவையும், இங்கிலாந்தையும் நமது அணி இரண்டாவதாக ஆடித்தான் வென்றிருந்தது. ஊர் வழக்கத்தைவிடத் தன் ஆட்களின் பலத்தை அவர் நம்பினார். தான் ஐந்தாவதாக இறங்கி, 47 ஓட்டங்களோடு கடைசிவரை நின்றார்.

ஒன்றை மறக்க வேண்டாம். விளையாட்டு ஒரு நாளில் முடியும்; குடும்பம் முடியாது. சரியாக ஆடாதவரை அணியிலிருந்து விலக்கலாம். மகனையும் மருமகனையும் அப்படி விலக்க முடியாது. அதனால்தான் அவரவருக்குப் பொருத்தமான இடத்தைத் தேடிக் கொடுப்பது நமக்கு இன்னும் அவசியமாகிறது.

இந்த வாரம் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் இருத்தி வையுங்கள். ஒரு தாளில் நாலு கேள்விகளை எழுதுங்கள். கொள்முதல் எவர்? கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் எவர்? கணக்கு எழுதுவது எவர்? ஒருவர் நோயில் விழுந்தால் அவர் இடத்துக்கு எவர்? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் வரட்டும். கணக்கு எழுதத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால், அவள் பெயரையும் அந்தத் தாளில் எழுதத் தயங்காதீர்கள். பெயர் எழுத முடியாமல் தாளில் எந்த வரி வெறுமையாக நிற்கிறதோ, அந்த வரியைப் பற்றி முதலில் பேசுங்கள்.