உறையின் வாயைச் சீவும் இயந்திரம்: மோட்டாருக்கு முன் பார்க்கவேண்டியவை

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளை உறை மட்டும்தான். குண்டு பறந்துவிட்டது, மருந்து எரிந்துவிட்டது, அடியில் இருந்து அதைப் பற்றவைத்த பிரைமரும் வெடித்துத் தீர்ந்தது. அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோரும் வேட்டைக்காரர்களும் அந்த உறையைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கராஜில் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய அங்கே கூட்டரசின் உரிமம் தேவையில்லை; விற்கப்போனால்தான் தேவை. (இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது.)

அந்த வேலையில் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு: நீண்டுபோன உறையின் வாயை அளவுக்குச் சீவுவது. சுடும்போது உறை உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர டை என்னும் அச்சுக்குள் அழுத்தும்போது பித்தளை கழுத்துப் பக்கம் நகர்ந்து, உறை நீள்கிறது. .223 ரெமிங்டன் உறை 1.760 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, சீவினால் 1.750-க்குக் கொண்டுவருவார்கள். .308 வின்செஸ்டருக்கு உச்சம் 2.015, சீவும் அளவு 2.005. இடைவெளி கால் மில்லிமீட்டர்தான். அதை அலட்சியம் செய்தால் உறையின் வாய் அறையின் முனையில் போய் முட்டும். குண்டைச் சுற்றி நெரித்துக்கொள்ளும். குண்டு கழுத்தை விட்டு எளிதாக வெளியேற முடியாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம்.

எல்லா உறைக்கும் இந்தப் பாடு இல்லை. 9 மி.மீ., .45 ஏசிபி போன்ற நேர்சுவர்க் கைத்துப்பாக்கி உறைகள் அவ்வளவாக நீள்வதில்லை. பெரும்பாலோர் அவற்றைச் சீவுவதே கிடையாது. .357 மேக்னம் ரிவால்வர்காரர்களில் சிலர், வாயை மடித்துக் குண்டைப் பிடிக்கவைக்கும் வேலை ஒரே சீராக வரவேண்டும் என்பதற்காகச் சீவுவார்கள். கைத்துப்பாக்கி மட்டும் வைத்திருப்பவருக்குச் சீவும் இயந்திரம் வெறும் மேசை அலங்காரம். வாயருகே குறுகிய கழுத்தும், அதற்குக் கீழே சரியும் தோளும் உள்ள ரைஃபிள் உறைகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

அங்கேயும் மோட்டார் எல்லோருக்கும் வேண்டியதில்லை. மான் வேட்டைக்காக வருடத்துக்கு இரண்டு பெட்டி தோட்டா நிரப்புகிறவருக்குக் கையால் சுற்றும் ட்ரிம்மரே தாராளம். ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் ஒரு வார இறுதியில் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர் பாடு வேறு; மணிக்கட்டு வலிதான் அவரைக் கடைக்கு அனுப்புகிறது. கடைக்குப் போனதும் அவர் முதலில் கேட்பது மோட்டாரின் வேகத்தை. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. இயந்திரம் உறையை எங்கே பிடித்து நீளத்தை அளக்கிறது என்பதே முதலில் தெரியவேண்டியது.

இதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று அடியைப் பிடிப்பது. ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ட்ரிம் ப்ரோ போன்றவை உறையின் அடியைப் பற்றிக்கொள்ள, ஒரு வழிகாட்டித் தண்டு கழுத்துக்குள் நுழைந்து வெட்டுமுனையை நடுவில் நிறுத்துகிறது. அடியிலிருந்து வாய் வரை முழு நீளம் நேரடியாக அளவுக்கு வரும். பல ரகத் தோட்டாக்களை வைத்திருப்பவருக்கு இது வசதி. தண்டை மாற்றி, நீளத்தைத் திருத்தினால் போதும். ஆனால் ஒவ்வொரு உறையையும் மாட்டிக் கழற்றவேண்டும். மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அந்த நேரம் குறையப்போவதில்லை.

மற்றது தோளில் நிறுத்துவது. ஜிராட் ட்ரிம்மரும், ஃப்ராங்க்ஃபோர்ட் ஆர்சனலின் பிளாட்டினம் இயந்திரமும், டிரில்லில் மாட்டும் லிட்டில் க்ரோ நிறுவனத்தின் கருவியும் இந்த வகை. விரலால் உறையைப் பிடித்து உள்ளே தள்ளினால் தோள் தட்டும் இடத்தில் நிற்கும். வாய் சீவப்பட்டு வெளியே வரும். சில விநாடி வேலை. இதில் ஒரு நிபந்தனை உண்டு: உறையை முதலில் டைக்குள் அழுத்தியிருக்கவேண்டும். வெவ்வேறு துப்பாக்கிகளில் சுட்ட உறைகளின் தோள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். அப்படியே சீவினால் நீளமும் தாறுமாறாகத்தான் வரும். ‘இயந்திரம் சரியில்லை’ என்று குறை சொல்பவர்களில் பலர் இந்த வரிசையை மாற்றியவர்கள்.

சீவிய வாயில் உள்ளும் புறமும் பிசிர் நிற்கும். வெளிப்பிசிரை எடுக்கவேண்டும், உள்விளிம்பைச் சற்றே சரிவாக்கவேண்டும், இல்லாவிட்டால் குண்டை வைக்கும்போது அதன் மேலுறை சுரண்டப்படும். வெறுமனே சீவும் இயந்திரத்தை வாங்கினால் ஒவ்வொரு உறையையும் இன்னும் இரண்டு முறை கையில் எடுக்க நேரும். ஜிராட்டின் கார்பைடு அலகு மூன்றையும் ஒரே தள்ளலில் முடிக்கிறது, பென்சில் சீவி மாதிரி. விலை அதிகம்தான். ஆனால் நிறைய சுடுகிறவருக்கு அந்தப் பணத்தை மோட்டாருக்குக் கொடுப்பதைவிட இந்த அலகுக்குக் கொடுப்பது தகும். அதே நிறுவனம் டிரில்லில் மாட்டும் சிறு வடிவத்தையும் விற்கிறது. ஒரே ரகத் தோட்டாவை மட்டும் சுடுகிறவருக்கு என் தேர்வு அதுதான்.

இன்னும் மலிவான வழி லீ நிறுவனத்தின் வெட்டுக்கருவி. ஒரு ஊசி உறையின் அடித்துளை வழியே போய் முட்டுவதால் நீளம் தானாக நின்றுவிடும். திருத்தவும் வேண்டாம், குழம்பவும் வேண்டாம். உறையைப் பிடிக்கும் பாகத்தை டிரில்லில் மாட்டினால் அதுவும் மோட்டார் ட்ரிம்மர்தான். இந்த வரிசையின் எதிர்முனையில் டில்லன் ஆர்டி1500 இருக்கிறது. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் தலையிலேயே உட்கார்ந்து, உறையை அழுத்தும்போதே சீவிவிடும். சீவலை உறிஞ்ச வாக்குவம் கிளீனர் வேண்டும், பிசிர் வேலையும் தனி. ஆயிரக்கணக்கில் நிரப்புகிறவருக்கு மட்டும் அது பொருத்தம்.

எதை வாங்கினாலும் வெர்னியர் காலிப்பரை எடுத்து வைத்துவிடாதீர்கள். தோள் தட்டும் இடத்தில் ஒரு துணுக்குப் பித்தளைச் சீவல் சிக்கினால்கூட உறை முழுதாக உள்ளே போகாது; வெளியே வருவது நீளமாக இருக்கும். அவ்வப்போது ஒன்றை எடுத்து அளப்பதும், தூரிகையால் சீவலைத் தட்டுவதும் அவசியம். சரியாகச் சீவிய உறையை ரகத்துக்கு ஒன்றாக எடுத்துவைத்துக்கொண்டால், அடுத்த முறை இயந்திரத்தை அமைக்க அதுவே அளவுகோல். பல பிரைமர்களின் எச்சத்தில் ஈயம் இருக்கிறது என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவவேண்டும்; சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடாது.

எந்த இயந்திரமும் சொல்லாத விஷயம் ஒன்று மீதி இருக்கிறது. வாயில் சீவி எறிகிற பித்தளை எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும். உறை நீள நீள, அடிக்குச் சற்று மேலே அதன் சுவர் மெலிகிறது. அங்கே பிளந்தால் பாதி உறை துப்பாக்கிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு, அடிப்பக்கத்து உட்சுவரில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்த உறையைச் சீவவேண்டாம். வாயை நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள்.